தெளிந்த வாவியில் கொடுவா படவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மாரி வெள்ளம் வடிந்து மட்டக்களப்பு வாவி தெளியத் தொடங்கியதும் ரீல் தடி வைத்திருப்பவர்கள் எல்லாரிடமும் ஒரே முறைப்பாடுதான்: கலங்கலில் நன்றாகப் பட்ட கொடுவா இப்போது தட்டக்கூட இல்லை. உடனே கடைக்குப் போய்ப் புது லூர் (பொய் இரை) வாங்குகிறார்கள். பெரும்பாலும் பிழை லூரில் இருப்பதில்லை. அது மீன் நிற்கிற ஆழத்துக்கு இறங்கவில்லை, அல்லது நூலை மீன் கண்டுவிட்டது, அல்லது தூண்டில் முள் மழுங்கியிருக்கிறது. மூன்றுக்கும் செலவு மிகக் குறைவு.

வாவியின் பெரும்பகுதி ஆள் நிலைக்கிற ஆழந்தான். ஆழம் என்று சொல்லத்தக்கவை நடு ஓடை, கல்லடிப் பாலத் தூண்களைச் சுற்றி ஓட்டம் தோண்டிய பள்ளங்கள், முகத்துவாரத்துக் குழி ஆகியவை. தெளிந்த நாளில் வெயில் ஏறிய பிறகு பெரிய மீன் அங்கேதான் அடங்கி நிற்கும். இந்தக் குறிப்பு அந்த இடங்களுக்கானது.

யூடியூப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே காட்டப்படும் அமெரிக்க ‘பாஸ்’ நம் தண்ணீரில் இல்லாத மீன். ஆழமான தெளிந்த ஏரியில் அதைப் பிடிக்கிற முறைகளில் தூர வீசுவது, அடிவரை இறக்குவது, மெதுவாக இழுப்பது, இருட்டு நேரம் பார்ப்பது எல்லாம் கொடுவாவுக்கும் பொருந்தும். அவர்கள் கட்டுகிற 8 றாத்தல் லீடர் (லூருக்கும் நூலுக்கும் இடையில் கட்டும் நூல்துண்டு) பொருந்தாது. கொடுவாவின் தாடை அரம்போலச் சொரசொரப்பு. மெல்லிய லீடரைத் தேய்த்தே அறுத்துவிடும். அவர்களைப் போல வாயைப் பிடித்துத் தூக்கும்போது விரல் செவுள் பக்கம் போகவும் கூடாது. செவுள் மூடியின் விளிம்பு பிளேட் மாதிரி வெட்டும்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத காரணம் முதலிலும் காசு கேட்கிற காரணம் பிறகும் வருகின்றன. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆழம், நூல், நிறம் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு மீன் பட்டால், எதனால் பட்டது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கே சொல்லும் அளவுகள் இந்தச் சாமான்களுக்கானவை: 7 அடித் தடி, 3000 அல்லது 4000 அளவு ரீல், 20 றாத்தல் பிரெய்ட் (பின்னல்) நூல், 30 முதல் 40 றாத்தல் வரையான புளோரோகார்பன் லீடர், 7 முதல் 20 கிராம் வரை ஜிக் (ஈயத் தலை முள்) அல்லது லூர்.

அறிகுறி 1: ஒரு தட்டுக்கூட இல்லை

*ஆழம் சரியா?* முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வீசிய ஜிக் தண்ணீரில் விழுந்ததும் பெயிலை (ரீலில் நூலைப் பிடிக்கும் கம்பி வளைவை) மூடாமல் எண்ணத் தொடங்குங்கள். நூல் ஓடிக்கொண்டே இருக்கும். அடியில் பட்டதும் சட்டென்று தொய்யும். அந்த எண்தான் அந்த இடத்தின் ஆழம். 10 கிராம் ஜிக்கில் 3 அங்குல ரப்பர் மீன் கொளுவியிருந்தால் 3 மீற்றர் இறங்க ஏறக்குறைய 5 வினாடி எடுக்கும். பலர் இரண்டு எண்ணுவதற்குள் சுற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது லூர் மீனின் தலைக்கு மேல் இரண்டு மீற்றர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். தெளிந்த நீரில் மீன் அதைக் காணும். ஆனால் உச்சி வெயிலில் அவ்வளவு தூரம் ஏறி வந்து தின்னாது.

அடியைத் தொட்ட பிறகு தடியை ஒரு முழம் உயர்த்துங்கள், விழவிடுங்கள், தொய்வை மட்டும் சுற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அடியை உணர வேண்டும். உணரவில்லை என்றால் எடை போதாது, அல்லது ஓட்டம் நூலை வளைக்கிறது. 7 கிராமிலிருந்து 14 கிராமுக்குப் போங்கள்.

*நேரம் சரியா?* விடியுமுன் ஒரு மணித்தியாலமும் பொழுதுபட்ட பின் ஒரு மணித்தியாலமும் தெளிந்த நீரில் மற்ற நேரத்தைவிட மேல். காலை பத்து மணிக்கு வந்து மூன்று மணிவரை வெயிலில் நிற்பவருக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. இரவில் பாலத்து விளக்கு தண்ணீரில் ஒரு வெளிச்சக் கோடு போடும். கொடுவா நிற்பது வெளிச்சத்தில் அல்ல. கோட்டுக்கு இந்தப்பக்கம், இருட்டில், ஓட்டத்தை எதிர்த்தபடி. ஓட்டத்துக்கு மேற்பக்கம் வீசி, லூர் ஓட்டத்தோடு வந்து வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும்படி விடுங்கள். தட்டு பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் விழும். பாலத்தில் நின்று வீசுபவர்கள் பின்னால் வருகிற வாகனத்தையும் ஆளையும் பார்த்தே தடியை ஓங்க வேண்டும்.

*ஓட்டம் இருக்கிறதா?* கிழக்குக் கரையில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. முகத்துவாரம் திறந்திருந்தால் அந்தச் சிறு வித்தியாசமும் வாய்க்கு அருகில் ஓட்டமாகத் தெரியும். ஓட்டம் திரும்பும் நேரத்தைச் சுற்றித்தான் கொடுவா நன்றாக எடுக்கும். கோடையில் மணல் மூடி வாய் அடைபட்டால் வற்றுப்பெருக்கு அட்டவணையால் வாவிக்குள் பயனில்லை. அப்போது காற்றைப் பாருங்கள். கச்சான் (மேல்காற்று) மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து அடித்து கிழக்கே எழுவான்கரையில் அலையை மோதவிடும். அலை மோதுகிற அந்தக் கரையில் தண்ணீர் சற்றுக் கலங்கும், மேற்பரப்பு உடைந்திருக்கும், மீனுக்கு உங்கள் நிழல் தெரியாது. காற்றுக்கு எதிரே வீசுவது கஷ்டம் என்று எல்லாரும் மறுகரைக்கு ஓடுவார்கள். ஓடாதீர்கள்; எடையைக் கூட்டுங்கள்.

*தீன் மீன் இருக்கிறதா?* மணலை மீன் குஞ்சு துள்ளவில்லை, கரையோரம் இறால் சிதறவில்லை, நீர்க்காகம் முழுகவில்லை என்றால் அரை மணித்தியாலத்துக்கு மேல் அந்த இடத்தில் நிற்காதீர்கள்.

*லூர் நிறமும் அளவும்.* கடைசியாகத்தான் இது. கலங்கலில் வேலைசெய்த செம்மஞ்சள், கிளிப்பச்சை எல்லாவற்றையும் பெட்டிக்குள் வையுங்கள். தெளிந்த நீருக்கு மணலை நிறம்: முதுகு சாம்பல், வயிறு வெள்ளி. இருட்டில் கறுப்பு. இந்த இரண்டு நிறத்துக்கு மேல் வாங்குவது ஆசைக்காக, மீனுக்காக அல்ல.

அறிகுறி 2: பின்னால் வருகிறது, கடிக்காமல் திரும்புகிறது

இதைக் காண்பதற்கே போலரைஸ்ட் கண்ணாடி வேண்டும். அது இல்லாதவருக்கு இந்த அறிகுறியும் முதலாவது மாதிரியே தெரியும். மீன் பின்னால் வந்தால் இடமும் ஆழமும் சரி. மிச்சம் இருப்பது நம்பவைப்பதுதான்.

வேகத்தை மாற்றுங்கள், கூட்டுவதற்கு முன் குறையுங்கள். நாலு சுற்று, நிறுத்தம், இரண்டு எண்ணிக்கை, மறுபடி நாலு சுற்று. நிறுத்தத்தில்தான் கொடுவா எடுக்கும். அதற்கும் வராவிட்டால் எதிர்மாறாகச் செய்து பாருங்கள்: மீன் பின்னால் தெரிந்ததும் தடியைச் சட்டென்று பக்கவாட்டில் இழுத்து லூரைத் தப்பி ஓடவிடுங்கள்.

அதற்கும் திரும்பினால் லூருக்கு முன்னால் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். பளபளக்கும் ஸ்விவல் (சுழல் வளையம்), பெரிய கொளுக்கி, அரை முழ லீடர், அதற்குப் பின்னால் மஞ்சள் பிரெய்ட். கலங்கலில் இது எதுவும் பிரச்சினையில்லை. தெளிந்த நீரில் ஸ்விவலைக் கழற்றி, பிரெய்டையும் லீடரையும் நேரடியாக முடிச்சுப் போட்டு, லீடரை 1.5 மீற்றருக்கு நீட்டுங்கள். 40 றாத்தலிலிருந்து 30க்கு இறங்கலாம். 20க்கு இறங்கினால் தட்டு கூடும், மீன் கூடாது; தாடை அறுத்துவிடும்.

கடைசியாக, 5 அங்குல லூரை 3 அங்குலத்துக்குக் குறையுங்கள். தூணை ஒட்டி நிற்கும் மீனுக்கு ஜிக் கடந்துபோகிற நேரம் போதாது. அங்கே ‘டிராப் ஷொட்’ கட்டு நல்லது: நூல் நுனியில் 10 அல்லது 14 கிராம் ஈயம், அதற்கு 40 சென்ரிமீற்றர் மேலே முள், முள்ளில் சிறு ரப்பர் அல்லது உயிர் இறால். ஈயம் அடியில் கிடக்க, இரை ஒரே இடத்தில் நின்று ஆடும். தடியைப் பெரிதாக ஆட்டத் தேவையில்லை. கை நடுங்குகிற அளவே போதும். தூணடிச் செப்பலியும் இதற்கு நன்றாக வரும்.

அறிகுறி 3: தட்டுகிறது, கொளுவவில்லை

கோபப்பட்டு உடனே மறுபடி வீசாதீர்கள். இழுத்தெடுத்து ரப்பர் மீனைக் கையில் வைத்துப் பாருங்கள். எது தட்டியது என்று அதில் எழுதியிருக்கும்.

*வால் அரைவட்டமாக, கத்தரித்தாற்போல வெட்டுப்பட்டிருக்கிறது.* பேத்தை. நான்கு பல்லுத் தகடு சேர்ந்த அலகால் துண்டு துண்டாக வெட்டும்; லீடரையும் வெட்டும். செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, இருபது மீற்றர் தள்ளிப் போங்கள், அல்லது ரப்பரை விட்டுக் கடினமான லூர் போடுங்கள். தப்பித்தவறிப் பேத்தை கொளுவினால் விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. சுத்தம் செய்யத் தெரியும் என்று சொல்பவரின் வீட்டுச் சோற்றையும் நம்ப வேண்டாம்.

*ரப்பர் முழுதாக இருக்கிறது, ஆனால் ஜிக் தலையிலிருந்து கீழே இழுபட்டிருக்கிறது.* சிறு மீன் வாலைப் பிடித்து இழுக்கிறது. முள் மிக முன்னால் இருக்கிறது. தண்டு நீண்ட முள்ளுள்ள ஜிக் போடுங்கள், அல்லது ரப்பரின் தலைப்பக்கத்தில் ஒரு விரற்கடை வெட்டிக் குறுக்குங்கள். முள் ரப்பரின் நடுவுக்குப் பின்னால் வெளிவர வேண்டும்.

*பக்கவாட்டில் நேர்நேரான கீறல்கள்.* சீலா. முகத்துவாரத்துப் பக்கம் அதிகம். லீடர் நுனியைத் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் வெட்டிக் கட்டுங்கள்.

*ரப்பரில் காயமே இல்லை, அல்லது தோல் மட்டும் மங்கியிருக்கிறது. தட்டு ‘டொப்’ என்று ஒற்றைத் தட்டாக வந்தது.* இதுதான் கொடுவா. அது கடிப்பதில்லை; வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பும். இங்கே பிழை உங்கள் பக்கம். மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, நூல் தொய்வு. ஜிக் விழும்போது நூல் முழுவதும் தொய்ந்திருந்தால் உறிஞ்சியதும் துப்பியதும் உங்களுக்குத் தெரியாது. விழும் ஜிக்கைத் தடிமுனையால் பின்தொடருங்கள். நூல் விறைப்பாகவும் வேண்டாம், தொளதொளவென்றும் வேண்டாம். நூல் திடீரென்று நின்றாலும் பக்கம் விலகினாலும் அது தட்டுத்தான்.

இரண்டு, இழுக்கும் முறை. தட்டியவுடன் வானத்தை நோக்கி அடிக்காதீர்கள். இரண்டு சுற்றுச் சுற்றி, பாரம் தெரிந்ததும் தடியைப் பக்கவாட்டில் நீளமாக இழுங்கள்.

மூன்று, முள் கூர்மை. முள் நுனியைப் பெருவிரல் நகத்தில் வைத்துச் சாய்வாக மெதுவாக இழுங்கள். நகத்தில் பிடித்து நின்றால் கூர். வழுக்கிப் போனால் மழுக்கம். சிறிய அரத்தால் நுனியை நோக்கி மூன்று இழுப்பு இழுத்து மறுபடி நகத்தில் பாருங்கள். தூணில் ஒருமுறை தட்டிய முள்ளை நம்பவே கூடாது. துருப்பிடித்ததை அராவிக்கொண்டிருக்க வேண்டாம், முள்ளை மாற்றுங்கள்.

அறிகுறி 4: கொளுவிய மீன் பாதிவழியில் தப்புகிறது

கொடுவா துள்ளும். துள்ளித் தலையை உதறும்போது லூரின் பாரமே முள்ளைக் கழற்றிவிடும். நூல் மேற்பரப்பை நோக்கி எழுவதைக் கண்டதும் தடிமுனையைத் தண்ணீரோடு தாழ்த்தி, நூலை விறைப்பாக வைத்திருங்கள். தடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிற பழக்கம் மீனைத் துள்ளவே வைக்கும்.

பிறகு டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் நூலை வழுக்கிவிடும் ரீலின் பிடி. பிரெய்ட் நூல் நீளாது. அதனால் டிராக் இறுகியிருந்தால் மீனின் வாயிலுள்ள மெல்லிய தோல் கிழிந்து முள் கழன்றுவிடும். நூல் பலத்தின் கால்பங்கு போதும். 20 றாத்தல் நூல் 9 கிலோ தாங்கும், அப்படியானால் டிராக் 2 கிலோவைச் சுற்றி. தராசு தேவையில்லை. 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைச் சேர்த்துக் கட்டி நிலத்தில் வையுங்கள். நூலை அதில் முடிந்து தடியை வளைத்துத் தூக்குங்கள். போத்தல் நிலத்தைவிட்டு எழும்பும் தறுவாயில் ஸ்பூல் (நூல் சுற்றிய உருளை) மெல்ல வழுக்க வேண்டும். எழும்பிய பிறகும் வழுக்காவிட்டால் இறுக்கம் அதிகம். அசையுமுன்னே வழுக்கினால் தளர்வு. வழுக்குவது ஒரே சீராக இல்லாமல் விட்டுவிட்டுப் பிடித்தால் டிராக் வாஷர் காய்ந்திருக்கிறது அல்லது உப்பேறியிருக்கிறது. ரீல் திருத்துபவரிடம் கொடுத்து வாஷரைச் சுத்தம் செய்து டிராக் கிரீஸ் போடச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள தையல் மெஷின் எண்ணெயை அங்கே விடாதீர்கள்.

திரும்பி வந்த முள் விரிந்திருந்தால்? டிராக்கை முதலில் மேற்சொன்னபடி பார்த்து, அது சரியென்றால் முள்தான் மெல்லிது. மலிவான லூர்களில் வருகிற மூன்று முனை முள் சிறு மீனுக்கானது. பெட்டியில் 3X அல்லது 4X என்று குறித்த பலமான முள்ளும் அதே பலத்துக்கு வளையமும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு லூரைத் தண்ணீரில் இழுத்துப் பார்க்க மறக்காதீர்கள். முள் பாரம் கூடினால் மிதக்கும் லூர் தாழும், ஆட்டமும் குறையும்.

அறிகுறி 5: நூல் அறுகிறது

“பெரிய மீன், அறுத்துக்கொண்டு போய்விட்டது” என்று சொல்லிவிட்டு மறுபடி கட்டுவதுதான் வழக்கம். அறுந்த நுனியைப் பார்க்காமல் கட்டினால் அதே இடத்தில் மறுபடி அறும். நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

*லீடர் நுனி சுருண்டு நெளிந்திருக்கிறது.* அறவில்லை, முடிச்சு உருவிக்கொண்டு போயிருக்கிறது. புளோரோகார்பன் வழுக்கும். இறுக்குமுன் எச்சில் படுத்தி, மெதுவாக, ஒரே இழுப்பில் இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் சூடேறி வெள்ளையாகும். அந்த இடம் பாதிப் பலந்தான். மிச்ச நுனியை 2 மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள்.

*பிரெய்டும் லீடரும் சேர்கிற இடத்தில் பிரிந்திருக்கிறது, லீடர் முழுதாகப் போய்விட்டது.* இணைப்பு முடிச்சு. எப்ஜி (FG) முடிச்சு போடுபவர்கள் பக்கத்துக்குப் பத்தாக இருபது பின்னல் போட்டு, இரு கையிலும் துணி சுற்றி, பிரெய்ட் நிறம் கருகிற அளவுக்கு இழுத்து இறுக்க வேண்டும். இறுக்காமல் விட்டால் வீசும்போது தாங்கும், மீன் இழுத்தால் வழுக்கும். இரவில் கை நடுக்கத்தோடு எப்ஜி போடுவதைவிட இரட்டை யூனி முடிச்சு நம்பிக்கையானது: பிரெய்ட் பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 4 சுற்று. கொஞ்சம் தடிப்பாக இருக்கும். வளையத்துக்குள் போய் வரும்போது ‘டிக்’ என்று கேட்கும், பரவாயில்லை.

*லீடர் நுனிக்கு மேல் ஒரு சாண் நீளம் வெள்ளையாகச் சொரசொரத்திருக்கிறது.* கொடுவாத் தாடை அல்லது தூணில் ஒட்டிய மட்டி. தாடை என்றால் சொரசொரப்பு நுனியோடு நின்றுவிடும். தூண் என்றால் மேலேயும் ஆங்காங்கே கீறல் இருக்கும். தாடைக்கு 40 றாத்தல் லீடர். தூணுக்கு எந்த லீடரும் போதாது. நிற்கிற இடத்தை மாற்றி, உங்களுக்கும் மீனுக்கும் இடையில் தூண் வராதபடி, மீனைத் தூணிலிருந்து வெளியே இழுக்கிற கோணத்தில் நில்லுங்கள்.

*சாய்வாக, சுத்தமாக ஒரே வெட்டு.* சீலாப் பல், அல்லது கொடுவாவின் செவுள் விளிம்பு. சீலா நிற்கிற இடத்தில் ஒரு சாண் மெல்லிய கம்பி லீடர் போடலாம். தெளிந்த நீரில் அது கொடுவாவை விரட்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

*பிரெய்ட் பஞ்சாகப் பிரிந்து அறுந்திருக்கிறது.* தடியின் வளையத்தைச் சோதியுங்கள். ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் துடையுங்கள். எங்காவது பஞ்சு பிடித்தால் அங்கே வெடிப்பு. கண்ணுக்குத் தெரியாத மயிர் வெடிப்பும் பிரெய்டை அறுக்கும். நுனி வளையமென்றால் புதியது வாங்கிச் சூட்டுப் பசையால் நீங்களே மாற்றலாம். நடு வளையம் நூல் சுற்றி ஒட்டியது; தடி திருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தடியே வளையும்போது ‘கிளிக்’ என்று சத்தமிட்டால் கார்பன் வெடித்திருக்கிறது. அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

வளையமெல்லாம் சரியென்றால் நூலின் முன்பக்கம் தேய்ந்திருக்கிறது. 10 மீற்றர் வெட்டி எறியுங்கள். மொத்த நூலும் நிறம் மங்கிச் சிலும்பியிருந்தால் ஸ்பூலிலிருந்து கழற்றித் தலைகீழாகச் சுற்றுங்கள். உள்ளேயிருந்த பாதி புதிதாகவே இருக்கும். இன்னொரு கோடைக்குப் போதும்.

அறிகுறி 6: நூல் சிக்குகிறது, ரீல் சத்தமிடுகிறது

*வீசும்போது கொத்தாக நூல் பறக்கிறது.* ஸ்பூல் நிரம்பி வழிகிறதா பாருங்கள். விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் கீழே நூல் நிற்க வேண்டும். பெயிலைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையால் மூடி, ஒருமுறை நூலை இழுத்து விறைப்பாக்கிவிட்டுச் சுற்றுங்கள். கச்சானுக்கு எதிரே 7 கிராம் வீசினாலும் இதே சிக்குத்தான் விழும்.

*டிராக் முழுக்க இறுக்கியும் நூல் போகிறது.* ஸ்பூல் விளிம்பிலும் அதற்கு நேராக நூலின் மேலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து இழுங்கள். ஸ்பூல் புள்ளி அசையாமல் நூல் புள்ளி மட்டும் நகர்ந்தால், பிரெய்ட் முழுவதும் ஸ்பூலில் வழுக்குகிறது, டிராக் நல்லாயிருக்கிறது. நூலைக் கழற்றி, அடியில் பத்து மீற்றர் தங்கூசி சுற்றி, அதில் பிரெய்டை முடிந்து மறுபடி சுற்றுங்கள். இரண்டு புள்ளியும் சேர்ந்து நகர்ந்தால் டிராக் வாஷர் போய்விட்டது.

*கீச்சென்று சத்தம்.* பெயில் நுனியிலுள்ள சிறு உருளை. விரலால் சுழற்றிப் பாருங்கள்; சுழலாவிட்டால் உப்பு பிடித்திருக்கிறது. நூல் அதில் உரசியே தேயும், முறுக்கேறும். இளஞ்சூட்டு நன்னீரில் நனைத்துச் சுழற்றி, காய்ந்ததும் ஒரு துளி ரீல் எண்ணெய்.

*கறகற என்று அரைக்கிறது.* ஸ்பூலைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். சத்தம் நின்றால் ஸ்பூலுக்கும் தண்டுக்கும் இடையில் மணல், துடைத்தால் போதும். நிற்காமல் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அரைத்தால் உள்ளே பல்சக்கரம். திறக்காதீர்கள். திறந்தவர்களில் பலர் ரீலை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவருகிறார்கள், அதில் ஒரு வாஷர் எப்போதும் குறையும்.

*கைப்பிடி பின்பக்கமும் சுற்றுகிறது.* கீழே சிறு நெம்பு இருந்தால் அது தட்டுப்பட்டிருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். அது சரியென்றால் உள்ளேயுள்ள ஒருவழிக் கிளட்சுக்குள் கிரீஸோ உப்போ போயிருக்கிறது. இதுவும் திருத்துபவர் வேலை. திருத்தக் கேட்கும் காசும் உதிரிப்பாகமும் சேர்ந்து புது ரீலின் பாதி விலையைத் தாண்டினால் புதிதே வாங்குங்கள்.

இவற்றில் பாதி வராமல் இருக்க, வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, குழாயை மெல்லத் திறந்து மேலாகக் கழுவி, உதறி, டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவையுங்கள். வேகமாகப் பீச்சினால் உப்பை உள்ளே தள்ளுவீர்கள். கடற்கரையோரக் கிணறுகள் சில கோடையில் உவர்க்கும். அந்தத் தண்ணீரில் கழுவுவது கழுவாமல் விடுவதைவிடப் பெரிதாக நல்லதில்லை.

அறிகுறி 7: லூர் அடியில் மாட்டிவிட்டது

நூலை விறைத்து, விரலால் வீணைத் தந்திபோலச் சுண்டி, சட்டென்று விடுங்கள். பாதிக்கு மேல் இதில் கழன்றுவிடும். இல்லையென்றால் மாட்டிய திசைக்கு எதிர்ப்பக்கம் நடந்துபோய் இழுங்கள். அதுவும் இல்லையென்றால் தடியை நூலோடு நேராக்கி, நூலை ஒரு கட்டைத் துண்டில் சுற்றி இழுத்து அறுங்கள். கையில் சுற்றாதீர்கள், பிரெய்ட் விரலை எலும்புவரை வெட்டும்.

இழுக்க இழுக்க மெல்ல அசைந்து வந்தால் அது யாருடையதோ வலை அல்லது வலைக்கயிறு. மேலும் இழுத்துக் கிழிக்காமல் லீடரை வெட்டிவிடுங்கள், தோணிக்காரர் பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

லூர் எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். வாவியிலும் அதில் விழுகிற ஆறுகளிலும் முதலை உண்டு. கண்டல் ஓரத்திலும் இருட்டிலும் கரையில் நிற்கும்போதே இரண்டு மூன்று மீற்றர் பின்னால் நில்லுங்கள். அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரம் போன்ற ஆழ்ந்த நீருக்குப் போக நினைப்பவர்கள் அது கல்லோயா தேசிய பூங்காவோடு சேர்ந்த இடம் என்பதை மனதில் வைத்து, அனுமதி கேட்டறிந்த பிறகே தடியை எடுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி கேட்டால் கார்பன் தடியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். மரத்தடி போதாது.

அறிகுறி 8: முள் கையில் ஏறிவிட்டது, அல்லது மீன் குத்திவிட்டது

முதல் வேலை லீடரை வெட்டி லூரையும் மீனையும் பிரிப்பது. தொங்கும் மீன் ஒருமுறை உதறினால் அடுத்த முள்ளும் ஏறும். முள் தோலுக்குள் மேலாக மட்டும் இருந்து கொக்கிவரை (நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் கூர்) போகாவிட்டால் வந்த வழியே எடுக்கலாம். கொக்கி உள்ளே போயிருந்தால், அல்லது கண், முகம், கழுத்து, விரல் மூட்டு ஆகியவற்றில் ஏறியிருந்தால் கையே வைக்காதீர்கள். லூரின் மிச்சம் ஆடாதபடி துணியால் கட்டி வைத்தியசாலைக்குப் போங்கள். தானாக எடுத்தாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்பு ஊசி எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் போடுங்கள்.

கெளிறு முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் வலி சில நிமிடத்தில் மேலே பரவலாம். தாங்கக்கூடிய அளவு சுடுநீரில், 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல், குத்திய இடத்தை அரை மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம்வரை வைத்திருங்கள். குத்துப்பட்ட கை விறைத்திருக்கும், சூடு தெரியாது. மற்றக் கையால் தொட்டுப் பாருங்கள். முள் உடைந்து உள்ளே இருந்தால், நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால், மூச்சு முட்டினால், இரத்தம் நிற்காவிட்டால் சுடுநீர் தேடிக்கொண்டிராமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நெஞ்சிலோ வயிற்றிலோ தைத்து நிற்கிற திருக்கை முள்ளைப் பிடுங்காமல் அப்படியே கொண்டுபோக வேண்டும்.